ஐந்து கோட்டைப் படிக்க: முதலில் நேரம், அப்புறம் சுரம்

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கீபோர்டு, கிட்டார், வயலின் வகுப்புக்குப் போகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். சினிமாப் பாட்டைக் காதால் கேட்டே வாசித்துவிடுவார்கள். ச ரி க ம என்று எழுதிக் கொடுத்தால் அதையும் வாசிப்பார்கள். ஐந்து கோடு போட்ட புத்தகத்தைத் திறந்ததும் கை நின்றுவிடும். அவர்களுக்கும், பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் பார்க்க வேண்டிய பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை. முன்பின் இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும், ஐந்து கோடு அச்சடித்த நோட்டும் இருந்தால் போதும். அந்த நோட்டு கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான புத்தகங்கள் எந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்பதில் ஆரம்பிக்கும். அந்த வரிசையை நான் மாற்றச் சொல்வேன். ஒரு சுரம் தப்பினாலும் நேரம் சரியாக இருந்தால் பாட்டு அடையாளம் தெரியும், கூட வாசிக்கிறவர்களும் தடுமாற மாட்டார்கள். நேரம் தப்பினால் எல்லாச் சுரமும் சரியாக இருந்தும் பாட்டு கலைந்துவிடும். அதோடு, தாளம் நமக்குக் கையிலேயே இருக்கிறது. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போவது சுலபம்.

வடிவம் சொல்வது நேரம்

ஒவ்வொரு குறியும் இரண்டு சேதி சொல்லும். அதன் வடிவம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும். அது உட்கார்ந்திருக்கும் இடம் எந்தச் சுரம் என்று சொல்லும். இப்போதைக்கு இடத்தை மறந்துவிடுங்கள்.

உள்ளே வெள்ளையாக, காம்பு இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் அது செமிப்ரீவ்: 4 எண்ணிக்கை. அதே வெள்ளை முட்டைக்குக் காம்பு வந்தால் மினிம்: 2 எண்ணிக்கை. உள்ளே கறுப்படித்துக் காம்போடு நின்றால் கிராட்செட்: 1. கறுப்புக் குறியின் காம்பில் ஒரு வால் இருந்தால் குவேவர்: அரை. இரண்டு வால் இருந்தால் செமிகுவேவர்: கால். ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான். யூடியூப் பாடங்களில் ஹோல், ஹாஃப், குவார்ட்டர், எய்ட்த் என்று அமெரிக்கப் பெயர்கள் வரும். குறி ஒன்றுதான். லண்டன் வாரியங்களின் கிரேடு தேர்வு எழுதப் போகிறவர்கள் பிரிட்டிஷ் பெயர்களையே பழகிக்கொள்ளுங்கள்.

காம்பு மேலே போகிறதா, கீழே தொங்குகிறதா என்பதற்கும் நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. குறி நடுக்கோட்டுக்கு மேலே போய்விட்டால் காம்பைக் கீழ்நோக்கி எழுதுவது வழக்கம், கோடுகளை விட்டு வெளியே நீளக்கூடாது என்பதற்காக. குவேவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வால்களைச் சேர்த்து ஒரு தடித்த கோடாகப் போட்டுவிடுவார்கள். செமிகுவேவர் என்றால் இரண்டு தடித்த கோடு. நம் சுரப் புத்தகங்களில் சுரங்களின் தலைக்கு மேல் கோடு போட்டால் இரண்டாம் காலம், இரட்டைக் கோடு போட்டால் மூன்றாம் காலம் என்று வருமே, கணக்கு அதேதான்.

நேரத்தை வாயில் கொண்டுவரத் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருப்போம். குறிலைக் குவேவராகவும் நெடிலைக் கிராட்செட்டாகவும் வைத்துக்கொண்டால் எந்தத் தாளக்கட்டையும் சொல்லிப் பார்க்கலாம்.

சொல்லிப் பார்க்க நல்ல பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அறச்சலூரில், நாகமலைக் குகையில், ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு உண்டு. வரிக்கு ஐந்தாக ஐந்து வரியில் த, தை, தா, தே என்ற ஆடலிசை எழுத்துகள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். எழுதியது மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரோடு இருக்கிறது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டுகள். அதன் முதல் வரி: த தை தா தை த.

அந்தக் காலத்தில் இதை எந்த வேகத்தில் ஆடினார்கள் என்பது வேறு கதை. நமக்கு இது பயிற்சி. த குறில், ஒன்று. தை, தா, தை மூன்றும் நெடில், இரண்டு இரண்டாக ஆறு. கடைசி த ஒன்று. மொத்தம் 8 மாத்திரை. குவேவர், கிராட்செட், கிராட்செட், கிராட்செட், குவேவர் என்று எழுதினால் மிகச் சரியாக 4 கிராட்செட் அளவு. காலால் நாலு தட்டிக்கொண்டே வாயால் சொல்லுங்கள். முதல் த மட்டும் தட்டோடு விழும். அப்புறம் வரும் எல்லா எழுத்தும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழும். இந்தத் தள்ளாட்டத்துக்கு சிங்கோபேஷன் என்று பெயர். ஜமாப் மேளம் அடிக்கிறவர்களுக்கு இது கை வந்த கலை.

இதை அச்சுப் புத்தகத்தில் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். நடுவில் இருக்கும் ‘தா’ சரியாகப் பாதி வழியில், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையே குறுக்கே படுத்திருக்கிறது. நாலு எண்ணிக்கையின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது எழுதும் முறை. அதனால் அந்தத் ‘தா’வை ஒரே கிராட்செட்டாக எழுதாமல் இரண்டு குவேவராகப் பிரித்து, ஒரு வளைகோட்டால் கட்டிவிடுவார்கள். இதுதான் டை. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு குறிகளை வளைகோடு சேர்த்தால் முதலாவதை மட்டும் வாசித்து, இரண்டின் நேரமும் முடியும் வரை நிறுத்த வேண்டும். வேறு வேறு உயரத்தில் இருப்பவற்றை அதே மாதிரி வளைகோடு சேர்த்தால் அது ஸ்லர்: இடையில் விடாமல், சேர்த்து வாசிக்க வேண்டும். வளைகோடு இரண்டும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். உயரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

குறிக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி இருந்தால் அதன் நேரத்தில் பாதி கூடும். புள்ளி வைத்த மினிம் 3, புள்ளி வைத்த கிராட்செட் ஒன்றரை.

சும்மா இருக்கும் நேரத்துக்கும் குறி உண்டு. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நாலாவது கோட்டிலிருந்து கீழே தொங்கும் சின்னக் கறுப்புக் கட்டம் செமிப்ரீவ் ரெஸ்ட், 4 எண்ணிக்கை மௌனம். மூன்றாவது கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அதே கட்டம் மினிம் ரெஸ்ட், 2 எண்ணிக்கை. தொங்கினால் நீளம், உட்கார்ந்தால் குட்டை. (கோடுகளைக் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும்.) கிராட்செட் ரெஸ்ட் நெளிந்த மின்னல் மாதிரி இருக்கும். குவேவர் ரெஸ்ட் கிட்டத்தட்ட 7 என்ற எண். மௌனத்தில் கையை எடுக்காமல் விட்டால் அது மௌனம் இல்லை, கீபோர்டில் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

4/4, 3/4, 6/8

பாட்டின் தொடக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எண் இருக்கும். மேலே இருப்பது ஒரு கட்டத்துக்கு எத்தனை, கீழே இருப்பது எந்தக் குறி. கீழே 4 என்றால் கிராட்செட், 8 என்றால் குவேவர். செங்குத்துக் கோடு ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தை முடிக்கும். அந்தக் கட்டத்தை பார் என்பார்கள். எண்ணுக்குப் பதில் ஆங்கில சி போல ஒரு வளைவு இருந்தால் அது 4/4. ஆதி தாளத்தின் 8 அட்சரத்தை இரண்டு 4/4 பாரில் அடக்கலாம். ஏழு எண்ணிக்கை வரும் மிசிர சாபு தாளத்துக்கு 7/8 ஒத்துப்போகும்.

குழப்பம் வருவது 3/4-க்கும் 6/8-க்கும் நடுவில். இரண்டிலும் ஒரு பாருக்குள் ஆறு குவேவர் அடங்கும். கூட்டுத்தொகை ஒன்று, பிரிக்கும் விதம் வேறு. 3/4 என்றால் இரண்டு இரண்டாக மூன்று: தக தக தக. 6/8 என்றால் மூன்று மூன்றாக இரண்டு: தகிட தகிட. குவேவர்களைச் சேர்க்கும் தடித்த கோட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், இரண்டிரண்டாகச் சேர்த்திருக்கிறதா, மூன்று மூன்றாகவா என்று.

6/8 நமக்குப் புதிதே இல்லை. கும்மிப் பாட்டுகளில் திசிர நடைதான், அதாவது மூன்று மூன்றாக நகரும் நடைதான், அதிகம். இப்போது கொங்கில் எந்த ஊர் விழாவிலும் வள்ளி கும்மி நடக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததும் தெரிந்திருக்கும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கும்மி அடியைச் சொல்லிக்கொண்டே கை தட்டுங்கள். தட்டுக்குத் தட்டு மூன்று நுண்ணிய எண்ணிக்கை ஓடும். நெடில் ஒன்று, குறில் ஒன்று என்று மாறி மாறி வரும் இடத்தில் கிராட்செட், குவேவர், கிராட்செட், குவேவர் என்று எழுதுங்கள். ஒரு தட்டு முழுக்க நீளும் எழுத்துக்குப் புள்ளி வைத்த கிராட்செட். நாலு பார் எழுதி முடித்தால் 6/8 அப்புறம் மறக்காது.

இடம் சொல்வது சுரம்

ஐந்து கோடும் நான்கு இடைவெளியும் தனியாக நின்றால் அவற்றுக்கு எந்தப் பெயரும் இல்லை. இடது ஓரத்தில் இருக்கும் சுருள் குறிதான் பெயர் கொடுக்கும். அதற்குக் கிளெஃப் என்று பெயர். ட்ரெபிள் கிளெஃபின் வயிறு இரண்டாவது கோட்டைச் சுற்றிச் சுருண்டிருக்கும். அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நாலாவது கோடு ஓடும். அந்தக் கோடு எஃப். அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று ஒவ்வொரு படியாக மேலேயோ கீழேயோ எழுத்து நகரும். ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து, திரும்பவும் ஏ.

கோடுகளை மனப்பாடம் செய்ய ஆங்கில வாக்கியங்கள் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு குறிக்கும் வாக்கியத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு எப்போது நகரும்? அதற்குப் பதில் மூன்று இடங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரெபிளில்: கோடுகளுக்குக் கீழே தனிக் குட்டிக் கோட்டில் நிற்கும் நடு சி, இரண்டாவது கோட்டில் ஜி, மூன்றாவது இடைவெளியில் மேல் சி. வேறு எந்தக் குறி வந்தாலும் இந்த மூன்றில் பக்கத்தில் இருப்பதிலிருந்து ஒரு படி, இரண்டு படி என்று எண்ணிக்கொள்ளலாம். பேஸில்: மேலே குட்டிக் கோட்டில் அதே நடு சி, நாலாவது கோட்டில் எஃப், இரண்டாவது இடைவெளியில் கீழ் சி. ட்ரெபிள் கண்ணுக்குப் பழகிய பிறகு பேஸைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் இரண்டும் குழம்பும்.

கட்டை, கீ, ச

வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: “ஏனுங்க, இது எந்தக் கட்டைங்க?” கட்டை என்பது கீபோர்டில் அழுத்தும் ஒவ்வொரு கீயும்; பாட்டின் ச எந்தக் கீயில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பதில் சுலபம். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் கறுப்பு (ஷார்ப் என்றால் அரைப்படி மேலே, ஃப்ளாட் என்றால் அரைப்படி கீழே): 1½ சி ஷார்ப், 2½ டி ஷார்ப், 4½, 5½, 6½. மூன்றரைக் கட்டை கிடையாது, ஏனென்றால் இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்பு இல்லை.

சிக்கல், கீபோர்டில் சி மேல் ‘ச’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதில் தொடங்குகிறது. ச நகரும், சி நகராது. ஐந்து கோட்டில் ஒரு இடம் என்றால் அது நிலையான ஒரு கட்டை, எந்தப் பாட்டிலும் அதேதான். பெண்கள் பலர் பாடும் 5 கட்டையில் ச என்பது ஜி. அங்கிருந்து சங்கராபரணம், அதாவது மேஜர் ஸ்கேல், வாசித்தால் ஏழாவது சுரம் எஃப் ஆக இருக்க முடியாது, எஃப் ஷார்ப் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஷார்ப் குறி போடுவதற்குப் பதில், கிளெஃபுக்குப் பக்கத்திலேயே எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் போட்டுவிடுவார்கள். அது கீ சிக்னேச்சர். பாட்டு முழுக்க எல்லா ஸ்தாயியிலும் எஃப் வந்தால் ஷார்ப். 2 கட்டைக்கு இரண்டு ஷார்ப் (எஃப், சி). 4 கட்டைக்கு ஒரு ஃப்ளாட் (பி).

ஒரு ஷார்ப் இருந்தால் ச ஜி-தான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1 கட்டையில் கல்யாணி ராகம் வாசித்துப் பாருங்கள்: சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. 5 கட்டைச் சங்கராபரணமும் இதே ஏழு கட்டைகள்தான். கீ சிக்னேச்சர் எந்தெந்தக் கட்டைகள் என்று மட்டும் சொல்லும். ச எங்கே என்று தெரிய, பாட்டு கடைசியில் எந்தச் சுரத்தில் போய் அமர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீ சிக்னேச்சரில் இல்லாமல் வழியில் திடீரென்று ஒரு ஷார்ப், ஃப்ளாட் அல்லது அதை ரத்து செய்யும் நேச்சுரல் வந்தால், அந்த பார் முடியும் வரை, அதே உயரத்தில் இருக்கும் குறிக்கு மட்டும் அது செல்லும். அடுத்த பார் வந்ததும் பழையபடி. இதைக் கவனிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் வாசிப்பில் அதிகம் கேட்கும் தப்பு.

சரளி வரிசை தெரிந்தவர்கள் இதை எழுதிப் பாருங்கள். மாயாமாளவகௌளை, 1 கட்டை, 4/4, எல்லாம் கிராட்செட். முதல் பார்: சி, டி ஃப்ளாட், இ, எஃப். இரண்டாம் பார்: ஜி, ஏ ஃப்ளாட், பி, சி. நடு சி-யில் தொடங்கி மூன்றாவது இடைவெளியில் முடியும். ரி1-ஐ சி ஷார்ப் என்று எழுதினால் என்ன, அதே கறுப்புக் கட்டைதானே என்று தோன்றும். எழுதினால் ச-வும் ரி-யும் ஒரே இடத்தில் உட்காரும், டி இடம் காலியாகக் கிடக்கும். ஏழு சுரத்துக்கும் ஏழு படி கிடைக்கட்டும் என்றுதான் டி ஃப்ளாட்.

சுரப் புத்தகம் படித்தவர்களுக்கு மட்டும்

கர்நாடக சுரக்குறிப்பு ஏற்கெனவே தெரிந்தவர்கள் சில இடங்களில் பழக்கதோஷத்தால் தடுக்கி விழுவார்கள். அங்கே சுரத்தின் தலையில் புள்ளி மேல் ஸ்தாயி, காலடியில் புள்ளி கீழ் ஸ்தாயி. இங்கே குறிக்கு மேலேயோ கீழேயோ புள்ளி இருந்தால் ஸ்டக்காட்டோ, வெட்டி வெட்டி வாசி என்று பொருள். அங்கே காற்புள்ளி நீட்டச் சொல்லும். இங்கே கோடுகளுக்கு மேல் காற்புள்ளி வந்தால் மூச்செடுக்கச் சொல்கிறது. அங்கே ரி1, ரி2 என்ற எண் சுரஸ்தானம். இங்கே குறிக்கு மேல் 1, 2, 3 என்று இருந்தால் விரல் எண், கீபோர்டில் கட்டைவிரல் 1, வயலினில் ஆள்காட்டி விரல் 1.

கமகத்தை இங்கே தேடாதீர்கள். தோடியின் காந்தாரம் ஆடும் ஆட்டத்தை ஐந்து கோட்டில் முழுதாக எழுதிவிட முடியாது. அதைக் கேட்டுத்தான் பிடிக்கணும்.

மீதிக் குறிகள்

சாய்ந்த எழுத்தில் பி என்றால் சத்தம் குறைவாக, எஃப் என்றால் சத்தமாக, முன்னால் எம் சேர்ந்தால் மிதமாக. விரியும் கூர்ங்கோடு சத்தம் கூடச் சொல்கிறது, குறுகும் கோடு குறையச் சொல்கிறது. வேகத்துக்கு இத்தாலியச் சொற்கள்: அண்டாண்டே நடக்கும் வேகம், அல்லேக்ரோ விறுவிறு. தடித்த இரட்டைக் கோட்டுக்கு முன் இரண்டு புள்ளி இருந்தால் திரும்ப வாசிக்க வேண்டும். மேலே 1, 2 என்று அடைப்பு போட்டிருந்தால் முதல் முறை 1-ஐ வாசித்துவிட்டு, இரண்டாம் முறை அதை விட்டு 2-க்குத் தாவ வேண்டும். ‘டா காப்போ’ என்றால் முதலிலிருந்து, ‘ஃபீனே’ என்ற சொல் வரும் இடத்தில் முடி. சரணம் முடித்துப் பல்லவிக்குத் திரும்பி அங்கே நிறுத்துவோமே, அதே ஏற்பாடு. ‘டால் சேன்யோ’ என்றால் முதலுக்குப் போகாமல், குறுக்குக் கோடும் இரண்டு புள்ளியும் போட்ட எஸ் மாதிரியான குறி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

புதுப் பக்கத்தை எடுத்ததும்

கருவியைத் தொடாதீர்கள். கிளெஃப், கீ சிக்னேச்சர், தாள எண், கடைசிச் சுரம், திரும்பும் புள்ளிகள் எங்கே என்று கண்ணால் ஒரு சுற்று வாருங்கள். அப்புறம் தாளத்தை மட்டும் கை தட்டி ஒருமுறை. அப்புறம் அதே தாளத்தில் சுரப் பெயர்களை வாயால் சொல்லி ஒருமுறை. அதற்கப்புறம்தான் கருவி. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-ல் வைத்து, தடுக்கும் பார் வந்தால் அதை மட்டும் தனியாக எடுத்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு குறிக்கும் கீழே பென்சிலில் பெயர் எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். கண் அந்த எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. தவிக்கும் இடத்தில் ஒன்றிரண்டு எழுதுங்கள், அடுத்த வாரம் அழித்துவிடுங்கள்.

படிப்பதைவிட எழுதும்போதுதான் வேகமாகப் பிடிபடும். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, மேலே சொன்ன கும்மி அடியையும் சரளி வரிசையையும் அதில் எழுதுங்கள். எழுதியதை அது வாசித்துக் காட்டும். கும்மி நொண்டுகிற மாதிரி கேட்டால் பெரும்பாலும் கிராட்செட்டுக்குப் புள்ளி விட்டுப்போயிருக்கும். பாருக்குள் குறைகிற நேரத்தை மென்பொருள் தானாகவே ரெஸ்ட் போட்டு நிரப்பிவிடும். நீங்கள் வைக்காத ஒரு மௌனம் திரையில் தெரிந்தால் கணக்கு அங்கேதான் இடித்திருக்கிறது.